நார்மண்டியை எரித்த பஞ்சு

பெரிய கப்பல் ஒன்று தீப்பிடித்தால் ஜனங்கள் முதலில் தேடுவது குற்றவாளியைத்தான். யுத்த காலமாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒற்றன், வெடிகுண்டு, இருட்டில் நழுவும் மர்ம உருவம் என்று கதை தானாகவே வளர்ந்துவிடும். கதை எழுதுகிற எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் நார்மண்டி என்ற பிரெஞ்சுக் கப்பல் எரிந்ததற்குக் காரணம் இலவம் பஞ்சு.

ஆயிரம் அடிக்கு மேல் நீளமுள்ள கப்பல் அது. 1935-ல் தன் முதல் பிரயாணத்திலேயே அட்லாண்டிக் சமுத்திரத்தை அதுவரை எந்தப் பிரயாணிக் கப்பலும் கடக்காத வேகத்தில் கடந்தது. உள் அலங்காரத்தைப் பார்த்தால் அரண்மனை தோற்றுவிடும். 1939-ல் யுத்தம் மூண்டதும் நியூயார்க் துறைமுகத்தில் ஒதுங்கி நின்றது. 1941 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் அதை எடுத்துக்கொண்டு, லாஃபாயெட் என்று பெயர் மாற்றி, துருப்புகளை ஏற்றிச் செல்வதற்காக அவசர அவசரமாக மாற்றி அமைக்கத் தொடங்கியது.

1942 பிப்ரவரி 9-ந் தேதி, பிற்பகல் சுமார் இரண்டரை மணி. முதல் வகுப்புக் கூடத்தில் ஒரு தொழிலாளி, அலங்காரத் தூண் ஒன்றை காஸ் சுடரால் அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே உயிர் காக்கும் மிதவை அங்கிகள் குவிந்து கிடந்தன. அவற்றுக்குள் இருந்தது, நம் வீட்டுத் தலையணைகளில் அடைக்கிறோமே, அதே இலவம் பஞ்சு. லேசில் ஜலத்தை உறிஞ்சாது, நன்றாக மிதக்கும். அதனால்தான் கப்பலில் அதற்கு அத்தனை மதிப்பு. நெருப்புக்கு முன்னால் அதன் யோக்கியதை என்ன என்று நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு பொறி தெறித்தது. சுற்றிலும் வார்னிஷ் பூசிய மர வேலைப்பாடு வேறு!

கப்பலின் சொந்தத் தீயணைப்பு ஏற்பாடுகளையும் அபாய அறிவிப்பையும் மாற்று வேலைக்காகத் துண்டித்து வைத்திருந்தார்கள். நியூயார்க் தீயணைப்புப் படையின் குழாய்களோ பிரெஞ்சு இணைப்புகளில் பொருந்தவில்லை.

கரையிலிருந்தும் படகுகளிலிருந்தும் ஜலத்தைக் கொட்டோ கொட்டென்று கொட்டினார்கள். இரவுக்குள் தீ அடங்கியது. கொட்டிய ஜலம் மேல் தட்டுகளிலேயே தேங்கி நிற்க, கப்பல் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அதைத் திட்டமிட்ட நிபுணர் விளாதிமிர் யூர்கெவிச் அப்போது நியூயார்க்கில்தான் இருந்தார். செய்தி கேட்டு ஓடி வந்தார். அடியிலுள்ள வால்வுகளைத் திறந்து கடல் நீரை உள்ளே விட்டால், கப்பல் நேராகவே தரைதட்டி உட்கார்ந்துவிடும் என்றார். பெற்றவனுக்குத் தெரியாதா பிள்ளையின் சுபாவம்? கடற்படை அதிகாரிகள் அவர் யோசனையை ஏற்கவில்லை. விடியுமுன், சுமார் இரண்டே முக்கால் மணிக்குக் கப்பல் கவிழ்ந்தது.

விசாரணைகள் நடந்தன. சதி இல்லை, அஜாக்கிரதைதான் என்றார்கள். ஊர் நம்பினால்தானே! அதே வருஷம் ஹிட்ச்காக் தம்முடைய சதிகாரன் படம் ஒன்றில் அந்தக் கவிழ்ந்த கப்பலையே காட்டி, வில்லனை லேசாகப் புன்னகை புரிய வைத்தார். கடற்படைக்கு மகா கோபம்.

1943-ல் பெரும் பிரயாசைப்பட்டுக் கப்பலை நிமிர்த்தினார்கள். திரும்பவும் பிரயாணத்துக்கு லாயக்காக்கக் கட்டுப்படியாகவில்லை. 1946-ல் 1,61,680 டாலருக்குப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள்.