வற்றாளங்கிழங்குப் பணியாரத்தின் வரலாறு

தமிழகத்தார் சர்க்கரைவள்ளி என்றும் ஈழத்தார் வற்றாளை என்றும் வழங்கும் கிழங்கு, நம்மவர் இல்லங்களில் அவித்துத் தேங்காய்ப்பூவுடன் உண்ணப்படும் எளிய உணவாகும். இதே கிழங்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களிலே, சிறப்பாக ஆபிரிக்க வழிவந்த மக்களின் வீடுகளிலே, நன்றியறிதல் திருநாளிலும் நத்தார் நாளிலும் விருந்தை நிறைவு செய்யும் பணியாரமாக விளங்குகின்றது. ‘பை’ என்பது அதன் பெயர். கிழங்கை அவித்து மசித்து, முட்டை, பால், வெண்ணெய், சீனி, வாசனைச் சரக்கு ஆகியவற்றோடு கலந்து, கோதுமை மாவினால் அமைத்த ஓட்டில் நிரப்பிப் போறணையிலே சுட்டெடுப்பர். செய்முறை சிறிது, அதன் பின்னே நிற்கும் வரலாறோ பெரிது.

வற்றாளையின் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். 1492 ஆம் ஆண்டு கரிபியன் தீவுகளை அடைந்த கொலம்பசின் கூட்டத்தார் இதனை அங்கே கண்டனர். அத்தீவு மக்கள் வழங்கிய ‘பட்டாட்டா’ என்னும் பெயர் கிழங்கோடு சேர்ந்து ஸ்பெயினுக்குச் சென்றது. பின்னர் போர்த்துக்கேயரின் கப்பல்களிலே கீழைத் தேசங்களுக்கும் வந்தது. சிங்களத்தில் வழங்கும் ‘பத்தல’ என்னும் சொல் அதன் வழிவந்ததே. நம்முடைய ‘வற்றாளை’ என்பதன் ஓசையும் அதற்கு அயலதன்று.

பணியாரத்தின் வடிவம் இங்கிலாந்துக்கு உரியது. பழத்தையும் இறைச்சியையும் மாவோட்டிற் பொதிந்து சுடும் வழக்கம் ஆங்கிலேயரிடையே மிகப் பழையது. 1597 ஆம் ஆண்டு ஜோன் ஜெராட் என்பார் வெளியிட்ட மூலிகை நூலில் வற்றாளை விரிவாகக் கூறப்படுகின்றது. அக்காலத்தில் அது செல்வர் வீட்டு உணவு. அவ்வாறு, கிழங்கு அமெரிக்காவினது, மாவோடு ஆங்கிலேயருடையது. இவ்விரண்டையும் இணைத்துச் சுவையேற்றிய கைகளோ பெரும்பாலும் ஆபிரிக்கருடையவை.

மேற்கு ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களுக்குத் தம் தாய்நாட்டிலே ‘யாம்’ என்னும் கிழங்கே முதன்மை உணவாயிருந்தது. அது நம் யாழ்ப்பாணத்து இராசவள்ளிக்கு இனமானது. வந்து சேர்ந்த நாட்டில் அதற்கு ஈடாகக் கிடைத்தது வற்றாளையே. ஆகவே தம் ஊர்க் கிழங்கின் பெயரை அதற்கே இட்டு வழங்கினர். தாவர நூலார் இவ்விரண்டையும் வெவ்வேறு குடும்பங்களிற் சேர்ப்பர். ஆயினும் அமெரிக்கர் பலர் இன்றும் வற்றாளையை ‘யாம்’ என்றே அழைக்கின்றனர். இழந்த ஊரின் நினைவு ஒரு கிழங்கின் பெயரிலே தங்கிவிட்டது.

அடிமைகளின் குடில்களில் இக்கிழங்கு எவ்வாறு இருந்தது என்பதற்குப் புக்கர் வாஷிங்டன் சான்று பகர்கின்றார். 1856 இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த அவர், 1901 இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றிலே, தாம் பிறந்த குடிலின் மண் தரையின் நடுவே பலகை மூடிய ஒரு குழி இருந்ததென்றும், மாரிகாலத்துக்கான வற்றாளைக் கிழங்குகள் அதிற் சேமிக்கப்பட்டனவென்றும் எழுதுகின்றார். அக்குடிலே பண்ணையின் சமையலறையாகவும் இருந்தது. அவருடைய தாயார் அங்கே திறந்த அடுப்பில் எசமானருக்கும் அடிமைகளுக்கும் சமைத்தார். குழியிற் கிழங்கை வைக்கும்போதோ எடுக்கும்போதோ ஒன்றிரண்டு கிடைத்தால், சிறுவன் அதனைச் சுட்டுத் தின்று மகிழ்வான்.

தணலிலே மெல்லச் சுடும் முறையில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. கிழங்கிலுள்ள மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதியம் அதனுள்ளேயே இருக்கின்றது. மிதமான சூட்டில் அது தொழிற்படும். சூடு மிகுந்தால் அழிந்துபோகும். ஆதலின் மெல்லச் சூடேறிய கிழங்கு, விரைந்து வெந்த கிழங்கினும் இனிக்கும். விஞ்ஞானம் இதனை விளக்குவதற்கு முன்பே சாம்பலிற் கிழங்கைப் புதைத்த மக்கள் இதனை நாவினால் அறிந்திருந்தனர்.

1824 ஆம் ஆண்டு மேரி ராண்டொல்ஃப் என்னும் வர்ஜீனியச் சீமாட்டி ஒரு சமையல் நூலை வெளியிட்டார். அதிலே ஓர் இறாத்தல் வற்றாளையை நன்றாக அவித்து, சூடாறுமுன் அரிதட்டிலே தேய்த்து, ஆறு முட்டை, சீனி, வெண்ணெய், சாதிக்காய், தேசிக்காய்த் தோல் முதலியன சேர்த்து, மா விரித்த தட்டிலே சுடும் முறை உள்ளது. நூலிற் சீமாட்டியின் பெயர் உண்டு. அத்தகைய வீடுகளின் அடுக்களையில் அவித்தவர், தேய்த்தவர் பெயர்கள் இல்லை.

அப்பெயர்களுள் ஒன்று வெளிவர 57 ஆண்டுகள் சென்றன. தென் கரோலினாவிற் பிறந்து, அடிமை வாழ்விலிருந்து விடுபட்ட அபி ஃபிஷர் அம்மையார் சான் பிரான்சிஸ்கோ நகரிற் குடியேறி, ஊறுகாய், பழப்பாகு செய்து பெயர் பெற்றார். அவருக்கு எழுத்தறிவு இல்லை. அவர் வாயாற் சொல்ல, பிறர் எழுதிய நூல் 1881 இல் அச்சேறியது. இரண்டு இறாத்தல் கிழங்கு இரண்டு பணியாரத்துக்குப் போதும் என்கின்றார். கிழங்கை மெத்தென அவித்து, தோலுரித்து, சூட்டோடு மசித்து, அதிலே வெண்ணெயைப் பிசையவேண்டும். வெள்ளையையும் மஞ்சளையும் வேறாக அடித்த முட்டை, பால், தோடம்பழச் சாறு, அதன் தோற்சீவல் ஆகியன சேரவேண்டும். மாவோடு அடியில் மட்டுமே இருத்தல் வேண்டும்.

சூட்டோடு மசித்தலை இரு நூல்களும் வற்புறுத்துவது கருதத்தக்கது. சூடாறினால் மாச்சத்து இறுகும், வெண்ணெய் உருகாது, நாரும் எளிதிற் பிரியாது. ஒருத்தி எழுதியதும் மற்றொருத்தி சொல்லியதும் இங்கே ஒன்றாயின. அறிவின் ஊற்று ஒரே அடுக்களையே.

அதே 1881 இல் புக்கர் வாஷிங்டன் அலபாமாவின் டஸ்கிகீ என்னுமிடத்திற் கல்லூரி தொடங்கினார். 1896 இல் அங்கு வந்து சேர்ந்த ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வரும் அடிமையாகப் பிறந்தவரே. பருத்தி ஒன்றையே பயிரிட்டு வளமிழந்த நிலத்தில் வறிய உழவர் வற்றாளையைப் பயிரிடவேண்டும் என அவர் போதித்தார். 1898 இலேயே வற்றாளை ஆய்வு பற்றிய அறிக்கை வெளியிட்ட அவர், பிற்காலத்தில் அக்கிழங்கைப் பழுதின்றிச் சேமிக்கவும் சமைக்கவும் வழிகூறும் சிறு நூலை உழவர்க்கென எழுதினார். அதிலே இப்பணியாரமும் இடம்பெற்றது.

1955 டிசம்பரில், அதே அலபாமாவின் மொன்ற்கொமறி நகரிலே, பேருந்துகளில் நிலவிய நிறவேற்றுமையை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்தேற மறுத்தனர். நடக்க இயலாதாரை ஏற்றிச்செல்லும் வாகனங்களுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஜோர்ஜியா கில்மோர் என்னும் சமையற்காரப் பெண்மணி தோழியரைத் திரட்டி, வற்றாளங்கிழங்குப் பணியாரமும் பிற உணவுகளும் செய்து விற்று, அப்பணத்தைப் போராட்டத்துக்கு அளித்தார். பணம் எங்கிருந்து வந்தது என வினவினால், ‘எங்கிருந்துமில்லை’ என்பதே விடை. அக்குழுவின் பெயரும் அதுவே. அதனாற் சமைத்தவரும் வாங்கியவரும் காக்கப்பட்டனர். கில்மோர் தம் வேலையை இழந்தார். தம் வீட்டு அடுக்களையையே உணவுச்சாலையாக்கினார். 381 நாட்களின் பின் மக்கள் வென்றனர்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் பெயரின்றிச் சமைத்தோரின் வழிவந்த பெண்கள், இம்முறை தாமே விரும்பிப் பெயரை மறைத்தனர். முன்னது அடிமைத்தனம் மறைத்த பெயர். பின்னது விடுதலைக்காக மறைத்த பெயர். குடிலின் மண்குழியிற் கிடந்த கிழங்கு இவ்விரண்டுக்கும் சாட்சியாய் நிற்கின்றது.