கற்றார்கள், கற்பித்தார்கள்

மத்ரஸாக்களில் ஸஹீஹுல் புகாரீயை ஓதிக் கொடுக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. மாணவர் அறிவிப்பாளர் தொடரை வாசித்துக்கொண்டே வருவார். "அம்ரா" என்று எழுதியிருக்கும் இடத்தில் இறுதி எழுத்தைக் கவனியாமல் "அம்ர்" என்று வாசித்து விடுவார். "நிறுத்தும்! அம்ர் அல்லர், அம்ரா. அவர் ஆண் அல்லர், பெண்மணி" என்று நாம் திருத்துவோம். மாணவர் ஒரு கணம் கிதாபை உற்று நோக்கிவிட்டு மேலே தொடர்வார். ஓர் எழுத்தைக் கவனியாது போனால் ஒரு பெரும் பெண்மேதையே மறைந்து போகிறார். நம் சமுதாய வரலாற்றிலும் இதுவே நடந்திருக்கிறது என்பது நம் எண்ணம்.

இஸ்லாமிய வரலாற்றில் கல்வியிற் சிறந்த பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பெயர்களை அடுக்க நம்மால் இயலும். ஆனால் பெயர்களை எண்ணுவதில் நிறைவு கொள்ளலாகாது. இல்முடைய மக்கள் ஒருவரை மதிப்பிடும் முறை வேறு. அவர் யாரிடம் பெற்றார்? யாருக்குக் கொடுத்தார்? இவ்விரண்டு வினாக்களே ஸனது எனும் தொடரின் உயிர். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நம் அன்னையரின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

முதல் ஆசிரியை

இஸ்லாம் தோன்றிய வேளையில் குறைஷியருள் எழுதத் தெரிந்த ஆண்கள் பதினேழு பேரே என்று வரலாற்றாசிரியர் பலாதுரீ குறிப்பிடுகின்றார். அத்தகைய காலத்தில் எழுத்தறிந்த பெண்மணி ஒருவர் மக்காவில் இருந்தார். அவரே ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி). எழுத்து என்பது அந்நாளில் அரிய தொழில்நுட்பம். கணினியை இயக்கத் தெரிந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்கவராய் இருந்த ஒரு காலத்தை நாம் கண்டோம் அல்லவா? அதனினும் அரிதாய் இருந்தது அன்றைய எழுத்து.

ஷிஃபா (ரலி) அவர்கள் தாம் அறிந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. உமர் (ரலி) அவர்களின் புதல்வியும் நபிகளாரின் துணைவியருள் ஒருவருமான அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தார். எழுதக் கற்றுக் கொடுத்ததைப் போன்றே நோய்க்கு ஓதிப் பார்க்கும் முறையையும் ஹஃப்ஸாவுக்குக் கற்றுக் கொடுக்கலாகாதா என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஷிஃபாவிடம் கூறிய செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது.

இதன் விளைவைப் பாருங்கள். யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் ஷஹீதாகிவிடவே, அபூபக்ர் (ரலி) அவர்கள் ஆணைப்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் இறைமறையை ஏடுகளில் தொகுத்தார்கள். அவ்வேடுகள் அபூபக்ர் (ரலி) அவர்களிடமும், பின்னர் உமர் (ரலி) அவர்களிடமும் இருந்தன. அதன்பின் அவை யாருடைய பாதுகாப்பில் இருந்தன? எழுதக் கற்ற அந்த மாணவியான அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் பாதுகாப்பில்! உஸ்மான் (ரலி) அவர்கள் படிகள் எடுக்க விரும்பியபோது அவ்வேடுகளை அவர்களிடமிருந்தே வரவழைத்தார்கள். பணி முடிந்ததும் திருப்பி அனுப்பினார்கள்.

அம்ரா எனும் அறிவுக் களஞ்சியம்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக இரண்டாயிரத்து இருநூற்றுக்கும் மேற்பட்ட நபிமொழிகள் நமக்குக் கிடைத்துள்ளன. அவர்களின் அரவணைப்பில் வளர்ந்தவரே, மேலே நாம் குறிப்பிட்ட அம்ரா பின்த் அப்துர் ரஹ்மான். அன்னையிடம் கேட்டவற்றைத் தம் நெஞ்சில் பதித்து, மதீனாவின் அறிஞர்களுக்கு அவர் ஓதிக் கொடுத்தார்.

ஹிஜ்ரி 99 முதல் 101 வரை ஆட்சி புரிந்த கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், அறிஞர்கள் மறைய இல்மும் மறைந்துவிடுமோ என அஞ்சினார்கள். நபிமொழிகளைத் தேடி எழுதுமாறு மதீனாவிலிருந்த அபூபக்ர் இப்னு ஹஸ்முக்கு மடல் விடுத்தார்கள். அம்ராவிடம் உள்ளவற்றையும் எழுதிக்கொள்ளுமாறு அவர் பெயரைக் குறிப்பிட்டே பணித்தார்கள். ஓர் ஆட்சித் தலைவர் அழிந்துவிடலாகாது என்று அஞ்சிய செல்வங்களுள் ஒரு பெண்மணியின் கல்வியும் ஒன்றாக இருந்தது!

மக்கா முதல் திமிஷ்க் வரை

மர்வு நகரை அடுத்த குஷ்மீஹனில் பிறந்து மக்காவில் குடியேறியவர் கரீமா அல்மர்வஸிய்யா. இமாம் புகாரீ அவர்களுக்கும் இவருக்கும் இடையே ஆசிரியர் இருவரே. தம்மிடம் படி எடுப்போர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் அதனைப் பிறருக்கு அறிவிக்க அவர் இசைவதில்லை. பக்தாதின் பேரறிஞர் கதீபுல் பக்தாதீ மக்கா வந்தபோது, ஸஹீஹுல் புகாரீ முழுவதையும் ஐந்தே நாட்களில் இவர் முன்னிலையில் ஓதி முடித்தார் என்பது பெயர்பெற்ற செய்தி. ஹிஜ்ரி 463 அளவில் (கி.பி. 1070) கரீமா மறைந்தார்.

பக்தாதில் வாழ்ந்த ஷுஹ்தா, ஹதீஸ் கலையோடு எழுத்துக் கலையிலும் வல்லவர். அழகிய கையெழுத்தினால் 'அல்காத்திபா' என்றும், கல்விச் சிறப்பினால் 'ஃபக்ருன் நிஸா', அதாவது பெண்குலப் பெருமை என்றும் அழைக்கப்பட்டார். தொண்ணூறு வயதையும் கடந்து வாழ்ந்து, ஹிஜ்ரி 574இல் (கி.பி. 1178) காலமானார்.

திமிஷ்க் நகரின் ஸைனப் பின்த் அல்கமாலோ (ஹிஜ்ரி 646–740) திருமணம் செய்துகொள்ளாமல் தம் வாழ்நாளைக் கற்பித்தலுக்கே அளித்தவர். அவர் பெற்றிருந்த இஜாஸா எனும் அனுமதிச் சான்றுகள் ஓர் ஒட்டகச் சுமை என்பர். ஹிஜ்ரி 726இல் (கி.பி. 1326) அந்நகர் வந்த இளைஞர் இப்னு பதூதா, எண்பது வயதை எட்டியிருந்த இவ்வம்மையாரிடம் இஜாஸா பெற்றார். பின்னாளில் நம் மஅபர்க் கரைக்கும் வந்து மதுரையைக் கண்ட அதே இப்னு பதூதாதான்! அடுத்த தலைமுறையில் அதே திமிஷ்க்கின் ஆயிஷா பின்த் அப்துல் ஹாதியிடம், புகாரீக்குப் பேருரை கண்ட இப்னு ஹஜர் அவர்கள் பாடம் கேட்டார்கள்.

ஒரு வரியோடு நின்றவர்

இனி இதன் மறுபக்கத்தையும் காண்போம். அலெப்போவில் ஆட்சி புரிந்த ஸைஃபுத் தௌலாவின் (மறைவு கி.பி. 967) அவையில் உஸ்துர்லாப் எனும் வானியல் கருவி செய்யும் பெண்மணி ஒருவர் இருந்தார். விண்மீன்களின் உயரத்தை அளக்கவும் நேரத்தைக் கணிக்கவும் பயன்பட்ட நுட்பமான கருவி அது. வட்டத்தகட்டில் கோடுகளைத் துல்லியமாகச் செதுக்க, கணிதமும் கைத்திறனும் ஒருங்கே வேண்டும். இப்னு நதீம் தம் 'ஃபிஹ்ரிஸ்த்' நூலில் அவரை இஜ்லியின் மகள் என்றும், பித்தூலுஸ் என்பாரின் மாணவி என்றும் குறித்துள்ளார். அவ்வளவே! இக்காலத்தார் அவரை மர்யம் என அழைக்கின்றனர். அப்பெயருக்குப் பழைய ஏடுகளில் சான்று இல்லை. அவர் செய்த கருவி என்று காட்டவும் ஒன்றுமில்லை.

அம்ராவின் சொற்கள் பதின்மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் நம் வகுப்பறைகளில் ஒலிக்கின்றன. இஜ்லியின் மகளோ ஒரு வரியோடு நின்றுவிட்டார். அறிவில் குறைந்ததனால் அன்று. அவரிடம் கற்றேன் என்று சொல்ல ஒருவரும் ஏட்டில் இல்லாததனாலேயே!

சொக்கோத்தோவின் ஆசிரியைப் படை

தனியொருவர் மற்றொருவருக்குக் கற்பித்த வரலாறுகளே இதுவரை நாம் கண்டவை. இதனை ஓர் இயக்கமாகவே ஆக்கிக் காட்டியவர் ஆப்பிரிக்கப் பெண்மணி ஒருவர். இன்றைய நைஜீரியாவின் வடபகுதியில் சொக்கோத்தோ கிலாஃபத்தை நிறுவிய ஷைகு உஸ்மான் இப்னு ஃபூதீ அவர்களின் மகள் நானா அஸ்மாஉ (1793–1864) என்பாரே அவர். மனைவியரையும் புதல்வியரையும் அறியாமையில் விட்டுவிட்டு ஊராருக்கு ஓதிக் கொடுக்கும் ஆலிம்களைத் தந்தையார் கடுமையாகக் கண்டித்தவர். மகள் அதற்கு மேலும் சென்றார்.

வஸீராகப் பணியாற்றிய கிதாதோவின் மனைவி அவர். பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய். அப்பொறுப்புகளுக்கிடையே அரபு, ஃபுல்ஃபுல்தே, ஹவுஸா ஆகிய மொழிகளில் அறுபதுக்கு மேற்பட்ட பாக்களை இயற்றினார். தொழுகை, நோன்பு, நபிகளாரின் வரலாறு முதலியன நாட்டுப்புறப் பெண்டிர் மனனம் செய்வதற்கு ஏற்ற பாடல்களாயின.

ஆனால் சிற்றூர்ப் பெண்கள் எல்லோரும் சொக்கோத்தோவுக்கு வந்து கற்றல் இயலுமா? ஆகவே ஊர்தோறும் ஒரு பெண்ணைத் தேர்ந்து 'ஜாஜி'யாக நியமித்தார். பயணக் கூட்டத்தின் வழிகாட்டியைக் குறிக்கும் சொல் அது. ஜாஜி, வீட்டுப் பொறுப்புக் குறைந்த முதிய பெண்களையும் இளஞ்சிறுமிகளையும் திரட்டிக்கொண்டு அஸ்மாஉவிடம் வருவார், பாடம் கேட்பார், ஊர் திரும்பி, வெளியே வர இயலாத பெண்களின் இல்லங்களுக்குச் சென்று கற்பிப்பார். ஜாஜிக்கு அடையாளமாகப் பெரிய ஓலைத் தொப்பியும் சிவப்புத் துணிப்பட்டையும் அளிக்கப்பட்டன. அத்தொப்பி அதற்குமுன் அந்நாட்டின் ஆவி வழிபாட்டுப் பூசாரிணியின் சின்னமாக இருந்தது. அதையே கல்வியின் சின்னமாக மாற்றினார் அஸ்மாஉ.

'யன் தாரு', அதாவது ஒன்றுகூடியோர் எனப் பெயர்பெற்ற இவ்வமைப்பு அவர் மறைவோடு முடியவில்லை. தங்கை மர்யம் அதனைத் தொடர்ந்தார். 1903இல் ஆங்கிலேயர் சொக்கோத்தோவைக் கைப்பற்றிய பின்னரும் அது அறுபடவில்லை.

நம் வீட்டு வாசலில்

இன்று நம் பெண்மக்கள் கல்லூரிகளில் பொறியியலும் கணினியும் மருத்துவமும் கற்கிறார்கள். ஆலிமாக்களாகவும் பட்டம் பெறுகிறார்கள். பெருமையாய் இருக்கிறது. ஆனால் நிக்காஹ் முடிந்த மறுநாள் எத்தனை சான்றிதழ்கள் அலமாரிக்குள் சென்று உறங்குகின்றன! தந்தை பணம் செலவிட்டார். மகள் கண்விழித்துப் படித்தாள். தொடர் அவளோடு நின்றது. இஜ்லியின் மகளுக்கு நேர்ந்ததே இவளுக்கும் நேர வேண்டுமா?

எல்லோரும் பணிக்குச் சென்றே ஆகவேண்டும் என்று நாம் கூறவில்லை. செல்ல விரும்புகிறவளைத் தடுக்காதீர்கள் என்கிறோம். வீட்டிலேயே இருப்பவளும் அண்டைவீட்டுச் சிறுமியர் நால்வருக்குத் தான் கற்றதைக் கற்பிக்கட்டும் என்கிறோம். நம் பாட்டிமார் திண்ணையிலும் முற்றத்திலும் குர்ஆனையும் அரபுத்தமிழையும் ஓதிக் கொடுத்தது இவ்வாறுதானே? அவர்களுக்குப் பட்டம் இல்லை, மாணவியர் இருந்தனர்.

மனிதன் இறந்த பின்னும் அறுபடாத நற்செயல்களுள் பயன்தரும் கல்வியும் ஒன்று என்பது அண்ணலார் (ஸல்) அவர்களின் அறிவுரை. நம் புதல்வியரிடம் "என்ன படித்தாய்?" என்று கேட்கிறோம். இனி "யாருக்குக் கற்பித்தாய்?" என்றும் கேட்போமாக! அவர்களுக்கு அந்த நற்பேற்றை வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.