வயலில் பிறந்த கணக்கு, ஈஸ்ட் தொட்டியில்

சேர்வராயன் மலையில், கொட்டச்சேட்டுப் பக்கம் உங்களுக்கு ஒரு காப்பித் தோட்டம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேட்டு நிலத்தில் புதிய உரமிடுகிறீர்கள். பள்ளத்து நிலத்துக்கு இடவில்லை. மேட்டில் விளைச்சல் கூடினால், அது உரத்தாலா, மண்ணாலா, மர நிழலாலா? எப்படிச் சொல்வீர்கள்?

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919இல் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர் இதற்கு வழி கண்டார். நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, எதற்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கச் சொன்னார். பல காரணிகளை ஒருங்கே மாற்றிச் சோதிப்பதே சிறந்தது என்றும் காட்டினார்.

ஆனால் ஒரு தொல்லை. ஏழு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவுகள் என்றால் 128 சோதனைகள் வேண்டும்! இங்கேதான் நம் நாட்டின் பங்கு வருகிறது. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிலையத்தைச் சேர்ந்த சி. ஆர். ராவ், 1940களில் 'செங்குத்து அணிகள்' என்னும் கணித அமைப்புகளை வகுத்தார். அத்தகைய அணியின்படி எட்டே சோதனைகளில் ஏழு காரணிகளையும் முதற்கட்டமாக எடைபோடலாம். 1946இல் பிளாக்கெட், பர்மன் என்னும் இருவர், 11 காரணிகளுக்கு 12 சோதனைகள் போதும் என்று காட்டினர்.

இதற்கும் ஈஸ்ட்டுக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? பிக்கியா என்னும் ஈஸ்ட்டினுள் வேற்று மரபணுவைப் புகுத்தினால், நமக்கு வேண்டிய புரதத்தை அது செய்து தரும். அதற்குத் தூண்டுகோல் மெத்தனால். அதை எரிக்க ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைவாக உள்ளபோது மெத்தனாலை மட்டும் கூட்டினால் ஈஸ்ட் நலியும். 'மெத்தனால் ஆகாது' என்று தவறாக முடிவு செய்வோம். இரண்டையும் சேர்த்துக் கூட்டினாலோ புரதம் பெருகக்கூடும்! ஒவ்வொன்றாக மாற்றுபவர் இதைக் காணவே மாட்டார். எனவே முதலில் சிறிய அணியால் முக்கியக் காரணிகளைப் பொறுக்கி எடுப்பர்; பின்னர் பாக்ஸ், வில்சன் 1951இல் வகுத்த முறையால் அவற்றின் கூட்டு விளைவை ஆராய்ந்து, உச்ச விளைச்சலுக்கான அளவுகளைத் தேடுவர்.

ஒரே தொட்டியில் கூடுதல் புரதம் என்றால் மருந்தின் அடக்கவிலை குறையும். ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் வெளியிட்ட ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி பிக்கியாவில் விளைந்ததே. கல்லீரலைத் தாக்கும் அந்நோய்க்கு, இறக்குமதி ஊசியைவிட மலிவாக நம் நாட்டு ஊசி கிடைத்தது. 2011இல் இத்தடுப்பூசி நாடு முழுவதற்குமான அரசுத் திட்டத்தில் இடம்பெற்றது.

கொட்டச்சேட்டுக் குழந்தைக்கு ஊசி போடுகையில் நினைத்துப் பாருங்கள்: உரத்தைச் சோதிக்கப் பிறந்த கணக்கு, இன்று மருந்தை மலிவாக்கவும் கைகொடுக்கிறது.