ஃபுட்சால்: 2024 வரை ஆசியாவில் 13 முறை சாம்பியன்; உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எட்டாத ஈரான்

உள்ளரங்கில் அணிக்கு ஐந்து வீரர்களுடன் விளையாடப்படும் ஃபுட்சால் கால்பந்தில், ஆசியாவின் வரலாறு பெரும்பாலும் ஈரானின் வரலாறாகவே உள்ளது. 1999-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கிய ஆசியக் கோப்பைப் போட்டி, 2024 வரை 17 முறை நடைபெற்றுள்ளது. அவற்றில் 13 முறை ஈரான் பட்டம் வென்றது. எஞ்சிய நான்கையும் (2006, 2012, 2014, 2022) ஜப்பான் கைப்பற்றியது. அக்காலம் வரை இவ்விரு நாடுகளைத் தவிர வேறு எந்த நாடும் சாம்பியன் ஆனதில்லை.

முதல் ஏழு போட்டிகளிலும் ஈரானே தொடர்ந்து வென்றது. அந்த அணியின் கோல் வேட்டையை முன்னின்று நடத்தியவர் வாஹித் ஷம்சாயி. சர்வதேச ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 390-ஐ நெருங்கும். 2024-இல் பாங்காக்கில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என ஈரான் வீழ்த்தியபோது, அவரே பயிற்சியாளராக இருந்தார்.

மகளிர் அணியும் பின்தங்கவில்லை. 2015, 2018 ஆகிய இரு ஆசியப் போட்டிகளிலும் ஈரான் மகளிர் அணி பட்டம் வென்றது.

உலகக் கோப்பையில் நிலைமை வேறு. 1992-இல் ஹாங்காங்கில் நடைபெற்ற அறிமுகப் போட்டியிலேயே ஈரான் நான்காம் இடம் பிடித்தது. எனினும், அதைவிட மேலான இடத்தை அடைய 24 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

2016-ஆம் ஆண்டு கொலம்பியாவில் அந்த வாய்ப்பு வந்தது. 16 அணிகள் சுற்றில், முந்தைய இரு உலகக் கோப்பைகளையும் வென்றிருந்த பிரேசிலை ஈரான் எதிர்கொண்டது. ஆட்டம் 4-4 எனச் சமநிலையில் முடிய, பெனால்டி ஷூட் அவுட்டில் ஈரான் வென்றது. பிரேசிலின் நட்சத்திர வீரர் ஃபால்காவோவுக்கு அதுவே கடைசி உலகக் கோப்பை ஆட்டம். வெற்றிக் களிப்பில் இருந்த ஈரான் வீரர்கள், எதிரணி வீரரான அவரைத் தூக்கி வீசிப் பிடித்து மரியாதை செலுத்திய காட்சி இன்றும் நினைவுகூரப்படுகிறது. காலிறுதியில் பராகுவேயை வென்ற ஈரான், அரையிறுதியில் ரஷியாவிடம் 3-4 எனத் தோற்றது. பின்னர் போர்ச்சுகலைப் பெனால்டியில் வீழ்த்தி மூன்றாம் இடம் பெற்றது. உலக அரங்கில் அந்த அணியின் உச்சம் அதுவே.

அதன் பின்னர் ஏமாற்றமே மிஞ்சியது. தோல்விகள் ஒவ்வொன்றும் ஒரு கோல் இடைவெளியில் அமைந்ததுதான் வேதனை. 2021-இல் லிதுவேனியாவில் நடைபெற்ற போட்டியின் காலிறுதியில் கஜகஸ்தானிடம் 2-3 எனத் தோற்றது. பாங்காக் வெற்றிக்கு ஐந்து மாதங்களுக்குப் பின், உஸ்பெகிஸ்தானில் நடைபெற்ற 2024 உலகக் கோப்பையில் காலிறுதிக்கு முன்பாகவே மொராக்கோவிடம் 3-4 என வீழ்ந்து வெளியேறியது.