எல்லாக் கட்டியும் புற்று அல்ல

வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொல்லிவிட்டால் நம் வீடுகளில் அதற்குப் பிறகு யாருக்கும் பேச்சு வராது. குழந்தைக்கு என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு காலத்தில் அந்தக் கட்டி நல்லதா கெட்டதா என்று அறிய, பெரும்பாலும் வயிற்றைத் திறந்துதான் பார்த்தார்கள். திறக்காமல் பார்க்கும் வழி வந்த கதையை இன்று கொஞ்சம் சொல்கிறேன்.

1955 ஜூலையில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்த மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையால் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் அங்கே தயாராக வைத்திருந்தார்கள்! நீர்க்கட்டியின் எதிரொலி ஒரு விதமாகவும், கெட்டியான கட்டியின் எதிரொலி வேறு விதமாகவும் வந்தது. 1958 ஜூனில் அவரும், ஜான் மாக்விகாரும், பொறியாளர் டாம் பிரவுனும் எழுதிய கட்டுரை லான்செட் இதழில் வெளியானது. வயிற்றில் ஆற முடியாத புற்று என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, உண்மையில் இருப்பது பெரிய சினைப்பை நீர்க்கட்டி என்று இந்தக் கருவி காட்டியது. அதை எடுத்தார்கள், அவர் பிழைத்தார்.

இதே கேள்வி பின்னாளில் குழந்தைகளின் கல்லீரலிலும் எழுந்தது. பாரிஸை ஒட்டிய பிசேத்ர் மருத்துவமனையில் குழந்தைகளின் கல்லீரல் நோய்களுக்கென்றே உழைத்தவர் டேனியல் அலஜீல். 1975-இல் அவர் குழுவினர் விவரித்த பரம்பரை நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் குறைவாக இருக்கும். பித்தம் தேங்கி மஞ்சள் காமாலையும் பொறுக்க முடியாத அரிப்பும் வரும். இதயத்திலும் கோளாறு இருக்கலாம். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு வண்ணத்துப்பூச்சி போலத் தெரியலாம். காரணமான மரபணுவை 1997-இல் கண்டுபிடித்தார்கள்.

இந்தக் குழந்தைகள் சிலருக்கு ஸ்கேனில் கல்லீரலின் நடுப்பகுதியில் பெரிய கட்டி ஒன்று தெரியும். பார்த்தவுடன் புற்று என்றுதான் தோன்றும். ஆனால் ஊசியால் சதை எடுத்துப் பார்த்தால், மற்ற இடங்களில் இல்லாத பித்தநாளங்கள் அங்கே இருக்கும்! நாளங்கள் நன்றாக உள்ள பகுதி, மற்ற பகுதிகளின் வேலையையும் சேர்த்துச் சுமந்து பெருத்திருக்கிறது. கட்டி என்று அதை வெட்டி எறிந்தால், அந்தக் குழந்தையின் கல்லீரலில் நன்றாக உழைக்கும் பாகத்தையே எறிந்ததாகும்.

பிரித்தறிவது எப்படி? இத்தகைய பெருக்கத்தினூடே ரத்தக்குழாய்கள் வளைந்து நெளியாமல் தம் வழியே போகும். புற்று அவற்றைத் தள்ளும், சில சமயம் உள்ளேயே புகும். எம்.ஆர்.ஐ.யில் கல்லீரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் ஒரு மருந்தை ஏற்றி, சுமார் இருபது நிமிடம் கழித்துப் படம் எடுப்பார்கள். நல்ல செல்கள் உள்ள இடம் பளிச்சென்று தெரியும். புற்று பெரும்பாலும் இருண்டு கிடக்கும். ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோ புரதத்தின் அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பச்சைக் குழந்தைக்கு அது இயல்பாகவே அதிகம் என்பதால், வயதைக் கணக்கில் கொள்ளாமல் எண்ணைப் பார்த்துப் பயப்படக் கூடாது.

இதனால் கட்டி எல்லாமே நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. இந்த நோயுள்ள சில குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே உண்மையான கல்லீரல் புற்றும் வருவதுண்டு. அதனால்தான் அல்ட்ராசவுண்டும் ரத்தப் பரிசோதனையும் தொடர்ந்து செய்கிறார்கள். கதிர்வீச்சு இல்லாததால் குழந்தைக்கு அதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

பேரன் பேத்தி யாருக்காவது இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால், உடனே கத்தியைத் தேடாமலும், ஒன்றுமில்லை என்று வீட்டில் உட்காராமலும், குழந்தைகள் கல்லீரல் மருத்துவர் ஒருவரிடம் படங்களைக் காட்டச் சொல்லுங்கள்.