சமுதாயக் கூடம் (திருப்பூர் வட்டாரம்)

திருப்பூர், அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி பகுதிகளில் உள்ளாட்சி அமைப்புகள் கட்டி, குறைந்த வாடகைக்கு விடும் பொதுக் கட்டடம்.

ஊர்க்கூட்டம் முன்பு சாவடியிலோ கோயில் மண்டபத்திலோ கூடியது. கல்யாணத்துக்குக் கட்டடமே வேண்டியிருக்கவில்லை. கொங்குக் கல்யாணம் வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, அருமைக்காரர் முன்னின்று நடத்த, இணைச்சீர் முதலான சீர்களோடு நடந்தது. சாவடி பேருக்குத்தான் பொது; ஒடுக்கப்பட்ட சாதியினர் எட்டத்தான் நிற்க வேண்டும். பொது இடத்தில் அப்படித் தடுப்பதை 1955ஆம் ஆண்டு தீண்டாமைக் குற்றச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியது. ஊர் மாறுவதற்குச் சட்டத்தைவிட அதிக காலம் பிடித்தது.

1952 அக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டமும், 1958ஆம் ஆண்டு சென்னை ஊராட்சிச் சட்டமும் அரசுப் பணத்தில் பொதுக் கட்டடம் எழ வழிசெய்தன. பஞ்சாயத்து ரேடியோவைக் கேட்கச் சாயங்காலம் ஆள் கூடிய இடங்கள் இந்தக் கட்டடங்களுக்கு முன்னோடி எனலாம். பக்கத்து ஈரோட்டிலிருந்து பரவிய சுயமரியாதைத் திருமணம் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் செல்லுபடியானது. புரோகிதரும் கோயிலும் வேண்டாத அந்தக் கல்யாணங்களுக்கு ஒரு பொதுக்கூரை தேவைப்பட்டது.

கூடத்துக்குப் பெரிய கிராக்கியை உண்டாக்கியது பனியன்தான். 1920களில் இங்கே வேரூன்றிய பின்னலாடைத் தொழில், 1970களின் கடைசியில் நேரடி ஏற்றுமதிக்கு வந்ததும் வெளி மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பந்தல் போட வாசல் ஏது? காதுகுத்து, சீர், வளைகாப்பு எல்லாம் கூடத்துக்கு நகர்ந்தன. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு என்பதால் பல வீட்டில் முகூர்த்தத்துக்கு முன் கிழமை பார்க்கிறார்கள். சமையலுக்கு அண்டா குண்டா வேண்டுமென்றால் அனுப்பர்பாளையம் பக்கத்திலேயே இருக்கிறது. அது பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். வசதி வந்த கம்பெனி முதலாளிகள் ஏ.சி. மண்டபங்களுக்குப் போய்விட்டார்கள்.

தென் மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பிறகு 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரத் திட்டம், எல்லாச் சாதிக்கும் சேர்த்து நூறு வீட்டுக்கு ஒரே கூடம் என்றது. முதல் சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998இல் திறக்கப்பட்டது. சாவடியின் குறையை அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்டதாகவே இதைக் கொள்ள வேண்டும். அதே 1997இல் வந்த நமக்கு நாமே திட்டத்தில் ஊராரும் செலவில் பங்கேற்றார்கள்.

கல்யாணமில்லாத நாட்களில் கூடம் வாக்குச்சாவடி, மருத்துவ முகாம் என்று பயன்படுகிறது; சில ஊர்களில் கிராம சபையும் அங்கேதான். அந்தச் சபைக்கு உறுப்பினர், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர் மட்டுமே. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து அதே ஊரில் தைக்கும் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு இங்கே வாக்கு இல்லை. கூடத்தை அவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். ஊர்க்காரியத்தில் வாக்களிக்க முடியாது.