கால் மிதிக்க, கை இழுக்க: ஃபிக்ஸட் கியர் சைக்கிளுக்கு ஹேண்டில்பார் தேர்வு

1. ஆய்வின் எல்லை

ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது. பின்சக்கரத்துப் பல்சக்கரம் ஹப்பில் திருகப்பட்டு, எதிர்மரை கொண்ட பூட்டுவளையம் ஒன்றால் நகராதபடி நிறுத்தப்பட்டிருக்கும். வண்டி உருளும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் காலைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சுற்றிவரும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். கியரும் ஒன்றே ஒன்றுதான். மேடு வந்தாலும் எதிர்க்காற்று வந்தாலும் அதே பல் விகிதம்.

இந்த வண்டிக்கு ஹேண்டில்பார் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது அழகை. அதில் தவறில்லை, கேபிளும் கியரும் குறைந்த வண்டி என்பதால் ஹேண்டில்பாரின் வளைவே அதன் முகமாகிவிடுகிறது. ஆனால் மற்ற சைக்கிள்களில் திசை திருப்பவும் உடலைத் தாங்கவும் மட்டும் பயன்படும் அந்தக் குழாய், இங்கே காலின் வேலையிலும் பங்கெடுக்கிறது. கை எந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது, அந்த இடத்தில் பிரேக் லிவர் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொன்ன பிறகே அழகைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். கார்பன் குழாய்களின் வகைகளையும் விலை ஒப்பீட்டையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

2. கை செய்யும் வேலை

2.1 இழுப்பு

கியர் உள்ள வண்டியில் மேடு வந்தால் இலகுவான கியருக்கு மாறி, உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். ஃபிக்ஸடில் முன்னால் 48 பல்லும் பின்னால் 16 பல்லும் இருந்தால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் மூன்று சுற்று சுற்றும், மேட்டிலும் மூன்றுதான். ஆகவே எழுந்து நின்று மிதிக்க வேண்டிவரும். உடல் எடையைவிட அதிக விசையோடு பெடலை அழுத்தினால், அழுத்திய கால் உடலை மேலே தூக்கிவிடப் பார்க்கும். அதைக் கீழே பிடித்து வைப்பது கை. வலது கால் இறங்கும்போது வலது கை ஹேண்டில்பாரை மேல்நோக்கி இழுக்கிறது. அடுத்த கணம் இடது கை. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதும் இதே கதைதான். சிவப்பு விளக்கு பச்சையாகும் ஒவ்வொரு முறையும் ஃபிக்ஸட் ஓட்டுபவர் ஒரு சிறிய பளுதூக்கலைச் செய்கிறார்.

இந்த இழுப்புக்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, கைகளுக்கிடையே போதிய அகலம்; இல்லாவிட்டால் இழுக்கும் விசை முன்சக்கரத்தைத் திருப்பிவிடும். மற்றொன்று, ஹேண்டில்பாரை நடுவில் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்கு முன்னே தள்ளி, விரல்கள் சுற்றி வளைத்துப் பிடிக்கக்கூடிய ஓரிடம். ஸ்டெம்மை ஒட்டிய நேர்க்குழாயில் கை வைத்து நின்று மிதித்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும்: வண்டி பாம்பாக நெளியும்.

2.2 நிறுத்தம்

பிரேக் இல்லாமல் காலாலேயே நிறுத்துபவர்கள் ஸ்கிட் அடிப்பார்கள். உடலை ஹேண்டில்பாரின் மேல் முன்னே சாய்த்து, பின்சக்கரத்தின் சுமையைக் குறைத்து, இரு கால்களையும் கிடைமட்டத்தில் பூட்டிக்கொண்டால் பின்சக்கரம் சுழலாமல் தரையில் தேய்ந்தபடி வரும். அந்த வேளையில் முன்கால் பெடலை மேலே இழுக்கிறது, பின்கால் அமுக்குகிறது, கைகள் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்து உடலை நிறுத்துகின்றன. (முன்பு சொன்ன 48க்கு 16 விகிதத்தில், ஒரே காலை முன்வைத்து ஸ்கிட் அடித்தால் டயரின் ஒரே இடம்தான் எப்போதும் தேயும், 47க்கு 17 என்றால் தேய்மானம் 17 இடங்களில் பரவும். டயர் செலவு பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது.)

ஸ்கிட் பார்க்க நன்றாயிருக்கும். நிறுத்தத்தில் அது மந்தம். வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்தின் பக்கம் சாய்கிறது, பின்சக்கரத்தின் பிடிமானம் குறைகிறது. முன்பிரேக்கால் கிடைக்கும் நிறுத்தத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் பின்சக்கரத்தால் தர முடியும். பிரிட்டனின் 1983 ஆம் ஆண்டுச் சைக்கிள் விதிகள் இதை ஏற்றுக்கொண்டவை: ஃபிக்ஸட் பின்சக்கரமே ஒரு நிறுத்த முறையாகக் கருதப்படும், ஆனால் முன்சக்கரத்துக்குப் பிரேக் கட்டாயம். நான் முன்பிரேக் வேண்டும் என்ற கட்சி. அப்படியானால் பிரேக் லிவர் எங்கே உட்காரும் என்ற கேள்வி ஹேண்டில்பார்த் தேர்வின் நடுவிலேயே வந்துவிடுகிறது.

3. டிராக் டிராப்

ஃபிக்ஸட் சைக்கிளின் பிறப்பிடம் வெலோட்ரோம். அங்கே பிரேக் கிடையாது, எதிரே வண்டி வராது, திருப்பங்கள் சாய்தளத்தில் தாமாக அமையும்; 250 மீட்டர் தளங்களில் சாய்வு 40 பாகையைத் தாண்டும். இந்தச் சூழலுக்காகச் செய்யப்பட்ட ஹேண்டில்பார்தான் டிராக் டிராப்.

சாலைப் பந்தய சைக்கிளின் டிராப்போடு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சாலை டிராப்பின் மேல்பகுதி ஸ்டெம்மிலிருந்து நேராக வெளியே ஓடி, மூலையில் திரும்பி, முன்னே போய், பிறகு கீழே வளையும். அந்த மூலையில்தான் பிரேக் லிவரின் உடல் உட்காரும். கையும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். டிராக் டிராப்பில் அந்த மூலையே கிடையாது. ஸ்டெம்மை விட்டவுடன் குழாய் சரியத் தொடங்கி, பெரிய ஒற்றை வளைவாகக் கீழே இறங்கிவிடும். காரணம் மணிக்கட்டு. ஸ்ப்ரிண்ட் ஓட்டக்காரர் இருக்கையை விட்டெழுந்து, கீழ்ப்பிடியைப் பிடித்து, வண்டியை இடமும் வலமும் ஆட்டி மிதிக்கும்போது மணிக்கட்டும் முன்கையும் மேல்குழாயில் இடிக்கக் கூடாது. அந்தச் சரிவு மணிக்கட்டுக்கு வழிவிடுகிறது. கீழ்ப்பிடி ஒன்றுதான் அந்தக் குழாயில் உண்மையான பிடி. மற்ற வளைவெல்லாம் கையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் பாதை.

ஜப்பானில் 1948 இல் கொக்குரா நகரில் தொடங்கிய கெய்ரின், பணம் கட்டி ஆடும் பந்தயம். ஒருவருடைய உபகரணம் இன்னொருவருக்கு அநியாயமாகிவிடக் கூடாது என்பதற்காக என்.ஜே.எஸ். முத்திரை பெற்ற பாகங்களை மட்டுமே அங்கே அனுமதித்தார்கள். நிட்டோ நிறுவனத்தின் எஃகு டிராப்கள் உலகமெங்கும் புகழ்பெற்றது இந்த வழியில்தான். எஃகு கனமானது, ஆனால் கெய்ரினில் ஒருவர்மேல் ஒருவர் விழுவது சகஜம். அடிபட்ட எஃகு பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுக்கும், அலுமினியம் போல முன்னறிவிப்பின்றி ஒடிவது அரிது.

இந்த அழகான குழாயைத் தெருவில் மாட்டுபவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான நேரம் அவர்கள் கீழ்ப்பிடியைத் தொடுவதே இல்லை. நெரிசலில் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருப்பதால் ஸ்டெம்மை ஒட்டிய சரிவான பகுதியில் இரு கைகளையும் நெருக்கி வைத்து ஓட்டுகிறார்கள். இழுப்புக்கு அகலம் இல்லை. விரல் நீளும் தூரத்தில் பிரேக்கும் இல்லை. என் கணிப்பில் தெருவில் காணப்படும் மிக அழகான தேர்வும் மிகப் பொருத்தமற்ற தேர்வும் இதுவே. நீண்ட தூரம் கீழ்ப்பிடியில் ஓட்டும் உடல்வாகும் காலியான சாலையும் உள்ளவருக்கு விலக்கு அளிக்கலாம்.

4. ஒரு மணி நேரச் சாதனை தரும் சான்று

ஒரு மணி நேரத்தில் ஒருவர் தனியாக எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவார் என்ற சாதனை முழுக்க ஃபிக்ஸட் கியரில் நிகழ்வது. ஹேண்டில்பாரின் வடிவம் வேகத்தோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான ஆவணம் இல்லை.

1972 அக்டோபரில் மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் 49.431 கி.மீ. ஓட்டியது சாதாரண டிராப்பைப் பிடித்து. 1984 ஜனவரியில் அதே நகரில் பிரான்செஸ்கோ மோசர் மாட்டின் கொம்பைப் போல முன்னே வளைந்த ஹேண்டில்பாரோடும் தட்டுச் சக்கரங்களோடும் வந்து 51.151 கி.மீ. எட்டினார். இன்றைய புல்ஹார்னுக்குப் புகழ் வந்தது அந்த நாளிலிருந்து. 1993 ஜூலை 17 இல் நார்வேயின் ஹாமர் நகரில் ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீ, தானே செய்த வண்டியில், கைகளை மார்புக்குக் கீழே மடக்கிப் பிடித்து 51.596 கி.மீ. ஓட்டினார். ஆறே நாளில் கிறிஸ் போர்ட்மன் போர்தோவில் அதை முறியடித்தார். ஓப்ரீயின் நிலையை சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. 1994 இல் தடை செய்தது. அவர் கைகளை முழுக்க முன்னே நீட்டும் ‘சூப்பர்மேன்’ நிலையோடு திரும்பி வந்தார். அதே நிலையில் போர்ட்மன் 1996 இல் மான்செஸ்டரில் 56.375 கி.மீ. ஓட்டினார்.

அதன்பின் நடந்ததுதான் ஆய்வாளனுக்குக் கிடைத்த கொடை. 2000 ஆம் ஆண்டில் யூ.சி.ஐ. மெர்க்ஸ் காலத்து வண்டிக்குத் திரும்பும்படி விதித்தது. போர்ட்மன் அதே மான்செஸ்டர் தளத்தில் டிராப்பைப் பிடித்து ஓட்டினார்: 49.441 கி.மீ. மெர்க்ஸை 10 மீட்டர் தாண்டினார். தன் பழைய தூரத்துக்கு ஏழு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவாகப் பின்தங்கினார். இடையில் வயது நான்கு கூடியது, சக்கரமும் ஹெல்மெட்டும் சட்டகமும் மாறின. எல்லாப் பழியையும் ஹேண்டில்பார்மேல் போட முடியாது. ஆயினும் உடல் காற்றைக் கிழிக்கும் விதத்தைக் கைகளின் இடமே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதால் பெரும்பங்கு அதற்கே சேரும்.

இதிலிருந்து தெருவுக்கு எடுத்துவரக்கூடாத பாடம் ஒன்று உண்டு. சாதனை ஓட்டத்தில் கிளம்பிய முதல் சில நொடிகளுக்குப் பிறகு கை எதையும் இழுப்பதில்லை, எதையும் நிறுத்துவதில்லை. முழங்கையைத் தாங்கும் திண்டாக மட்டும் ஹேண்டில்பார் இருந்தால் போதும். மிக வேகமான ஹேண்டில்பார்களில் கைக்கு வேலையே இல்லை. ஆகவே தெருவில் ஃபிக்ஸட் ஓட்டுபவர் டிரையத்லான் நீட்சிகளை மாட்டுவது எனக்குப் புரியாத ஆசை.

5. தெருவுக்கு உரியவை

புல்ஹார்ன் தெருவுக்கு நன்றாகப் பொருந்தியது. கொம்பின் நுனிப்பக்கம் கை முன்னே தள்ளி இருப்பதால் எழுந்து இழுக்க வாகான இடம் கிடைக்கிறது. மேடுகள் நிறைந்த ஊருக்கு இதுவே என் முதல் பரிந்துரை. பழைய சாலை டிராப்பைத் தலைகீழாகத் திருப்பி, வால்பகுதியை ரம்பத்தால் அறுத்துப் புல்ஹார்ன் ஆக்கிக்கொள்வது தெருப் பட்டறைகளின் வழக்கம். அறுக்கும் இடத்தில் டேப் சுற்றிக் கோடு போட்டு, இரு பக்கமும் அளந்து, அறுத்தபின் உள்விளிம்பின் பிசிறை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். பிரேக்குக்குக் கொம்பின் வாயில் செருகும் தலைகீழ் லிவர்கள் கிடைக்கின்றன. கை அங்கேயே இருப்பதால் லிவரும் விரலுக்கு எட்டும். இதன் குறை: நெரிசலில் முன்னே நீட்டிய கொம்பு கார்க் கண்ணாடிகளைத் தேடிப் போகும்.

நியூயார்க்கின் சைக்கிள் கூரியர்கள் நேர்க்குழாயான பிளாட் பாரைக் குறுக்கி அறுத்துப் பழக்கியது இரு வாகனங்களுக்கிடையே நுழைவதற்காக. அந்தக் காரணம் இல்லாதவர்களும் அதைப் பின்பற்றி 40 செ.மீ.க்கும் குறைவாக அறுத்துவிட்டு, மெதுவாகப் போகையில் வண்டி தள்ளாடுகிறது என்று வருந்துகிறார்கள். இங்கே டிராக் சட்டகத்தின் இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: முன்சக்கரம் காலுக்கு மிக அருகில் இருப்பதால் கூர்மையான திருப்பத்தில் ஷூவின் நுனி டயரைத் தொடும், பெடலையோ நிறுத்திவைக்க முடியாது. அந்த நொடியில் முன்சக்கரத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்த அகலம் வேண்டும்.

ரைசர் என்பது 20 முதல் 40 மி.மீ. வரை, சில வேளை அதற்கும் மேலே உயர்ந்து, சற்றே பின்னே சாய்ந்த பிளாட் பார். நகரத்தில் தினசரி ஓட்டத்துக்கும் ஸ்கிட் பழகுவதற்கும் இதைவிட மன்னிக்கும் குணம் உள்ளது வேறில்லை. லிவருக்கு இடம் தாராளம், தலை நிமிர்ந்திருக்கும், அகலம் 50 முதல் 60 செ.மீ. வரை வைத்துக்கொள்ளலாம். எதிர்க்காற்றில் மட்டும் பாய்மரம் ஆகிவிடுவோம்.

6. அளவுகளும் பொருத்தமும்

வாங்கிய பிறகு பொருந்தாமல் போவது பெரும்பாலும் ஸ்டெம் பிடிக்கும் நடுப்பகுதியின் விட்டத்தால். 25.4, 26.0, 31.8 மி.மீ. என்ற மூன்றும் புழக்கத்தில் உள்ளன. முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 0.6 மி.மீ. மட்டுமே என்பதால் கண்ணுக்குத் தெரியாது. 26.0 ஸ்டெம்மில் 25.4 ஹேண்டில்பாரை இறுக்கினால் கடையில் உறுதியாகத் தோன்றும். முதல் மேட்டில் எழுந்து இழுக்கும்போது குழாய் சுழன்றுவிடும். ஃபிக்ஸடில் இழுப்பு அதிகம் என்பதால் இந்தப் பிழை மற்ற வண்டிகளைவிட இங்கே ஆபத்தானது.

கை பிடிக்கும் இடத்தின் விட்டமும் பிரேக் லிவரைத் தீர்மானிக்கிறது: பிளாட், ரைசர் வகைகளில் 22.2 மி.மீ., டிராப் வகைகளில் 23.8 மி.மீ. ஒன்றின் லிவர் மற்றொன்றில் ஒழுங்காக உட்காராது. அகலத்தைச் சிலர் குழாயின் நடுவிலிருந்து நடுவுக்கும் சிலர் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கும் அளக்கிறார்கள். இதனால் எழும் வித்தியாசம் கிட்டத்தட்ட 2.4 செ.மீ. விற்பவரிடம் எந்த அளவு என்று கேட்டுவிடுவது நல்லது.

டிராப்பை எடுத்துவிட்டு ரைசர் மாட்டினால் கை 7 செ.மீ. அல்லது அதற்கும் மேலே பின்னே வந்துவிடும். டிராக் சட்டகம் டிராப்பின் நீட்சியைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது. ஆகவே ரைசருக்கு நீளமான ஸ்டெம் தேவைப்படலாம். 1899 உலக ஸ்ப்ரிண்ட் சாம்பியன் மேஜர் டெய்லரின் பெயரால் வழங்கும் நீட்சி ஸ்டெம், கையை முன்னே கொண்டுபோகும் அதே தேவையிலிருந்து பிறந்தது. இன்று தெருவில் அது அலங்காரத்துக்கே ஆகும்.

அலுமினிய ஹேண்டில்பாருக்கு உலோகக் களைப்பு உண்டு. பெருத்த அடி விழுந்தால், வளைவு தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிட வேண்டும். ஸ்டெம் பிடிக்கும் விளிம்பில்தான் வெடிப்பு தொடங்கும், டேப்பையோ கைப்பிடியையோ உரித்துப் பார்த்தால் மட்டும் அது கண்ணில் படாது, ஸ்டெம்மையும் கழற்ற வேண்டும். எந்த வகையானாலும் குழாயின் இரு வாய்களும் மூடியிருக்க வேண்டும்: மூடாத குழாய் விழும்போது உடலில் வட்டமாக வெட்டிவிடும் என்பதால்தான் பந்தயங்களில் மூடியில்லாத வண்டியைக் களத்துக்குள் விடுவதில்லை.